கேள்விச் சீட்டு

சத்யப்ரியா ஒரு வெள்ளைத் தாளை மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்து, ஸ்கேலை வைத்து எட்டாகக் கிழித்தாள். ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி. முத்து முத்தான கையெழுத்து அவளுக்கு. கேட்கிறவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு தடுமாறக் கூடாதே என்று, வாயில் நுழையாத ஆங்கிலச் சொற்களுக்குக் கீழே பென்சிலால் கோடும் போட்டாள். பக்கத்தில் மண் குவளையில் இருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

கொல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகம். அதில் சுற்றுச்சூழல் அறிவியல் துறை. சத்யப்ரியா அங்கே முதுகலை கடைசி வருடம் படித்தாள். அந்தத் துறைக்கு அவ்வப்போது வெளியூரிலிருந்து யாராவது ஒரு விஞ்ஞானி வந்து உரை நிகழ்த்துவார். முடிந்ததும், கேள்வி இருந்தால் கேளுங்கள் என்பார். சில வருடங்களுக்கு முன்னால் ஒருமுறை யாருமே எதுவும் கேட்கவில்லை. வந்தவர் தண்ணீர் குடித்தார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார், அப்போதும் ஒரு கைகூட உயரவில்லை. துணைவேந்தர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். துறைத் தலைவர் மல்லிக் சாரின் மானம் அன்றைக்குக் கப்பலேறிவிட்டது.

அதற்கப்புறம் மல்லிக் சார் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். உரைக்கு முதல் நாளே கேள்விகள் எழுதப்பட்டு, கூச்சமில்லாமல் பேசக்கூடிய மாணவர்களுக்கு விநியோகமாகிவிடும். யார் முதலில், யார் அடுத்து என்பதும் முன்பே முடிவாகியிருக்கும். மைக் அந்த வரிசைப்படி போகும். வந்தவர்கள் எல்லாரும், உங்கள் மாணவர்கள் ரொம்பச் சுறுசுறுப்பு என்று மெச்சிவிட்டுப் போனார்கள். பந்தி பரிமாறுகிற மாதிரி கேள்வி பரிமாறப்படுவது அவர்களுக்கு எப்படித் தெரியும்.

எழுதுகிற வேலை சத்யப்ரியாவின் தலையில் விழுந்ததற்குக் காரணம், வருகிறவர்களின் ஆய்வுக் கட்டுரைகளை அந்தத் துறையில் அவள் ஒருத்திதான் தேடிப் படித்தாள். முதல் தடவை எழுதியபோது என்னவோ போலிருந்தது. அடுத்த தடவை அது குறைந்தது. இப்போது கை எழுதும், அவ்வளவுதான். தப்பு என்று தோன்றவில்லை, சரி என்றும் தோன்றவில்லை, எதுவுமே தோன்றவில்லை. பழகிப்போச்சு என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அது பெரிய வியாதி. வலிக்காத வியாதி என்பதால் யாரும் வைத்தியம் பார்த்துக்கொள்வதில்லை.

ஆனால் இந்தத் தடவை வருகிறவர் நாகலட்சுமி. தெற்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மூத்த விஞ்ஞானி. சுந்தரவனத்தில் பட்டுப்போன அலையாத்திக் காடுகளில் மறுபடி கன்று நட்டு வளர்க்கும் ஆய்வை நெடுங்காலமாகச் செய்துகொண்டிருப்பவர். கோடை விடுமுறைக்கு ஒரு மாணவரைத் தன் சோதனைக்கூடத்துக்கு அழைத்துக்கொள்வதாகவும், பிடித்துப்போனால் அதே இடத்தில் முனைவர் பட்டத்துக்குத் தொடரலாம் என்றும் எழுதியிருந்தார். தேர்வு, நேர்காணல் எதுவும் கிடையாது. உரைக்குப் பிறகு நடக்கும் கலந்துரையாடலில் மாணவர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரே வரி. சத்யப்ரியாவுக்கு அந்த இடம் வேண்டும். அதைத் தவிர வேறெதையும் அவள் அந்த வருடம் விரும்பவில்லை.

காளிகாட்டில் மெட்ரோ நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் அவர்கள் வீடு. அப்பா வேதாச்சலம் ஹவுராவில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தார்; ஓய்வு பெறுகிற வருடம். உரை அன்று காலை இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அவர் மகளோடு ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்.

"கெடச்சா ஆராய்ச்சி. கெடைக்கலன்னா ஜூன்லேர்ந்து பேங்க் பரீட்சைக்கு கோச்சிங். அதுக்கப்புறம் இதப்பத்திப் பேசக்கூடாது, என்னம்மா?"

"சரிப்பா."

"பொண்ணு சரின்னு சொல்லிட்டா, கேட்டுக்க" என்று மனைவி வனஜாவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். வனஜாவுக்கு எந்த வேலையானாலும் சம்மதந்தான். மேடம் தமிழ்க்காரங்களாச்சே, ரெண்டு வார்த்தை தமிழ்ல பேசிப்பாரு என்று மட்டும் சொன்னாள்.

சத்யப்ரியா அதைவிட உறுதியான வழி வைத்திருந்தாள். நாகலட்சுமியின் கட்டுரைகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லின: ஆற்று நீரில் உப்பு ஏறுவதால்தான் கன்றுகள் சாகின்றன. எட்டுக் கேள்விகளும் அந்த உப்பைச் சுற்றியே எழுதப்பட்டன. ஏழு, சாதாரணமானவை. எட்டாவது மட்டும் அவள் பல நாள் படித்து, மூன்று கட்டுரைகளின் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்து உருவாக்கியது. அதை அவள் சீட்டில் எழுதவில்லை. வரிசையில் கடைசி ஆள் அவளேதான். மற்றவர்கள் கேட்டது சப்பென்று இருந்தால்தானே கடைசிக் கேள்வி எடுப்பாக இருக்கும். இந்தக் கணக்கையும் அவள் போட்டிருந்தாள். அப்போதும் அவளுக்கு உறுத்தவில்லை.

முந்தின நாள் சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டு போகையில் முதல் வருடத்து ஷபானா வழியில் நின்றாள். கிடர்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். எந்த உரையானாலும் முன்னாலேயே இடம்பிடித்து உட்காருவாள். சீட்டு இல்லாதவர்கள் கேள்வி கேட்கலாமா தீதி என்று கேட்டாள். மூத்த மாணவிகளை அங்கே அக்கா முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கேட்கக் கூடாது என்பதுதான் மல்லிக் சாரின் உத்தரவு. கண்டவர்கள் கண்டதைக் கேட்டு ஒருமுறை சங்கடமாகிவிட்டதாம். சத்யப்ரியா அதைச் சொல்லவில்லை. "நேரம் இருந்தா பாக்கலாம்" என்றாள். அரசு அலுவலகங்களில் கேட்டுக் கேட்டு நமக்கெல்லாம் மனப்பாடமான பதில். அது அவள் வாயிலும் சுலபமாக வந்தது.

உரை அன்று பிற்பகல் அரங்கம் நிறைந்திருந்தது. வருகைப் பதிவு உண்டு என்று அறிவித்திருந்ததால் நிறையாமல் எங்கே போகும். நாகலட்சுமிக்குப் பூங்கொத்து கொடுத்து, தோளில் வங்காள முறைப்படி உத்தரீயம் போர்த்தி, விளக்கை அணைத்தார்கள். அவர் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மல்லிக் சார் திரும்பி, கடைசி வரிசையில் நின்றிருந்த சத்யப்ரியாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். சிங்காரா என்று அங்கே சொல்கிற சமோசாப் பொட்டலங்கள் இன்னும் வந்து சேரவில்லை. போய் என்னவென்று பார்க்கச் சொன்னார்.

அவள் போனாள். கடைக்காரர் வேறு கட்டடத்தில் இறக்கிவிட்டிருந்தார். அதைத் தூக்கிவர ஆள் பிடித்து, டீ கெட்டிலுக்கு இடம் பண்ணி, நினைவுப் பரிசின் மேல் ஒட்டியிருந்த விலைச் சீட்டைச் சுரண்டி எடுத்து, மைக்குக்குப் புது பேட்டரி போட்டாள். தாழ்வாரத்தில் நின்று இதையெல்லாம் செய்யும்போது உள்ளேயிருந்து நாகலட்சுமியின் குரல் வந்துகொண்டுதான் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் அந்தக் குரல் நின்று, பிறகு மெதுவாகத் தொடர்ந்தது. சத்யப்ரியா அதைக் கவனிக்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்பது அவளுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

உள்ளே இருந்தவர்கள் மட்டும் கவனித்தார்களா என்றால், அதுவும் இல்லை. சீட்டு வாங்கியவர்கள் செல்போன் வெளிச்சத்தில் சீட்டை உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சீட்டு வாங்காதவர்களுக்குத் தங்களுக்கு வேலை எதுவும் இல்லை என்று தெரியும். அவர்கள் நிம்மதியாக ரீல்ஸ் பார்த்தார்கள். மல்லிக் சார் துணைவேந்தர் அலுவலகத்துக்குப் புகைப்படம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

விளக்குகள் எரிந்தன. நாகலட்சுமி கைகளைக் கட்டிக்கொண்டு, எதையோ எதிர்பார்க்கிற முகத்தோடு கூட்டத்தைப் பார்த்தார். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். சத்யப்ரியா மைக்கை எடுத்துப்போய் முதல் சீட்டு வாங்கிய ராகுலிடம் கொடுத்தாள்.

ராகுல் கணீரென்று கேட்டான்: எந்த அளவு உப்பில் கன்றுகள் சாக ஆரம்பிக்கின்றன? நாகலட்சுமி அவனை ஒரு கணம் பார்த்தார். அதைப்பற்றித்தான் இவ்வளவு நேரம் சொன்னேன் என்றார். ராகுல் நன்றி சொல்லி உட்கார்ந்தான். அடுத்து மது. உப்பைத் தாங்கும் மர வகைகளைத் தேர்ந்தெடுத்து நட்டால் பிரச்சினை தீருமா என்றாள். நாகலட்சுமி லேசாகச் சிரித்து, தீராது என்று மட்டும் சொன்னார். மூன்றாவது கேள்வியும் உப்பு, நான்காவதும் உப்பு. பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. அவர் முகத்திலிருந்த எதிர்பார்ப்பு போய், விருந்தாளிக்குரிய மரியாதை மட்டும் மிஞ்சியது. மல்லிக் சார் ஒவ்வொரு கேள்விக்கும் தலையை ஆட்டி ரசித்தார்.

மூன்றாவது வரிசையில் ஷபானாவின் கை தூக்கியபடியே இருந்தது. முதலில் பாதி உயரத்தில் இருந்தது; பிறகு முழு நீளத்துக்கு நிமிர்ந்தது. சத்யப்ரியா மைக்கோடு அந்த வரிசையை ஒவ்வொரு தடவையும் கடந்து போனாள், வந்தாள். ஒருமுறை ஷபானாவின் விரல்கள் அவள் துப்பட்டாவில் பட்டன. "தீதி" என்று மெல்லிய குரல் வந்தது. சத்யப்ரியா நிற்கவில்லை. பஸ்ஸில் தெரியாதவர் தோள் இடித்தால் என்ன தோன்றுமோ அதுதான் அவளுக்குத் தோன்றியது.

ஏழு பேரும் கேட்டு முடித்தார்கள். சத்யப்ரியா மைக்கைத் தன் வாய்க்கருகே கொண்டுபோய், தயார்செய்த கேள்வியை நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். மூன்று கட்டுரைகளையும் வருடத்தோடு சொன்னாள். அவற்றின் உப்புக் கணக்குகள் எந்த இடத்தில் ஒத்துவரவில்லை என்று சொன்னாள். அதைச் சரிசெய்ய ஒரு வழியும் சொன்னாள். நல்ல ஆங்கிலம். அவளுக்கே குரல் திருத்தமாகக் கேட்டது.

நாகலட்சுமி கோபப்படாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல ஒன்று கேட்டார்.

"நான் பேசும்போது நீங்க இந்த ஹால்லதான் இருந்தீங்களா?"

பிறகு மேசைக்குப் போய்க் கணினியில் எதையோ அழுத்தினார். திரையில் ஒரு பக்கம் வந்தது. படமில்லை, வரைபடமில்லை. நடுவில் பெரிய எழுத்தில் ஒரே வரி: 'இத்தனை வருடம் நான் சொல்லிவந்தது தவறு.' கன்றுகள் உப்பால் சாகவில்லை, வண்டல் மூடி அவற்றின் மூச்சு வேர்கள் அடைபட்டுச் சாகின்றன. பழைய கட்டுரைகளைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை முதன்முதலாக மாணவர்கள் முன்னால் சொல்கிறேன் என்று அவர் அரை மணி நேரமாகச் சொல்லியிருக்கிறார். ஒரு விஞ்ஞானி தன் வாழ்நாள் உழைப்பைத் தப்பு என்று ஒத்துக்கொண்ட அறையில், எட்டுப் பேர் எழுந்து அந்தத் தப்பையே திரும்பத் திரும்ப அவரிடம் நீட்டியிருக்கிறார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவும் விஷயம் புரிந்திருக்க வேண்டுமே. மல்லிக் சார் மேடையேறி, நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்துவைத்தார். ஷபானாவின் கை கீழே இறங்கியதை சத்யப்ரியா பார்த்தாள்.

டீ கொடுக்கையில் நாகலட்சுமி எல்லாரிடமும் இனிமையாகத்தான் பேசினார். முடிவை எழுதி அனுப்புகிறேன் என்று மல்லிக் சாரிடம் சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்பினார். கார் போனதும் மல்லிக் சார் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "எட்டுக் கேள்வி. போன தடவை அஞ்சுதான். புரோகிராம் பிரமாதம்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்.

சத்யப்ரியா மீந்த பொட்டலங்களை அடுக்கி வைத்தாள், மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள், மெட்ரோவில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அழுகை வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தாள். முகம் கழுவிவிட்டு உட்கார்ந்து, அம்மா போட்ட தோசைகளை எதிர்ப்பேச்சில்லாமல் சாப்பிட்டாள். அப்பா ஆவலோடு கேட்டபோது, "பாக்கலாம்பா" என்றாள். தமிழ்ல பேசினியா என்று அம்மா கேட்டாள். அதற்கும் தலையாட்டினாள்.

சில நாளில் பதில் வந்தது. மரியாதையான இரண்டு வரி. இந்த வருடம் உங்கள் துறையிலிருந்து யாரையும் எடுக்க இயலவில்லை. மல்லிக் சார் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, இதெல்லாம் உள்ளூர் அரசியல், அங்கே யாரையோ ஏற்கெனவே முடிவுபண்ணியிருப்பார்கள் என்றார். அதே மூச்சில் அடுத்த உரைக்கு ஆள் வருகிறார், கேள்விகளைச் சீக்கிரமே எழுத ஆரம்பித்துவிடு என்றார். சத்யப்ரியா சரி என்றாள்.

அவள் சோதனைக்கூடத்தின் கடைசி மேசைக்குப் போய், வரப்போகிறவரின் கட்டுரைகளை இறக்கிவைத்துக்கொண்டு, முதல் கேள்வியை எழுதவும் ஆரம்பித்துவிட்டாள். நம்ப முடியாதுதான். தங்களைக் கவிழ்த்த வேலையையே மனிதர்கள் மறுநாளும் ஒழுங்காகச் செய்வார்கள். மரத்துப்போன கைக்கு எது சுட்டது, எது சுடவில்லை என்று தெரிவதில்லை.

ஷபானா வந்து எதிரில் நின்றாள். கோபமாக இருப்பாள் என்று சத்யப்ரியா நினைத்தாள். அப்படி இருந்திருந்தால் சமாளித்திருப்பாள். ஷபானாவிடம் கோபம் இல்லை. ரொம்பப் பணிவாக, ஒரு சலுகை கேட்கிற மாதிரி பேசினாள்.

"தீதி, அடுத்த தடவை எனக்கும் ஒரு சீட்டு குடுங்க. நீங்க என்ன எழுதினாலும் அதையே கேட்டுடறேன். தனியா எதுவும் கேக்கமாட்டேன்."

சத்யப்ரியா பேனாவைக் கீழே வைத்தாள். இவ்வளவு நாளாக வராதது எல்லாம் சேர்ந்து அப்போதுதான் வந்தது. வெட்கம் வந்தது, தன்மேல் அருவருப்பு வந்தது, கண் எரிந்தது. தனக்கு ஓர் இடம் போனது அவளை ஒன்றும் செய்யவில்லை. முன்னால் போய் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிற ஒரு பெண்ணை, சீட்டுக்குக் கை நீட்டுகிறவளாக மாற்றிவிட்டோமே என்பதுதான் அவளை உலுக்கியது.

"அன்னிக்கு நீ என்ன கேக்கணும்னு இருந்த?"

ஷபானா தயங்கினாள். பெரிய கேள்வி ஒன்றுமில்லை தீதி என்றாள். உப்பு என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, அது இல்லையோ என்கிற சந்தேகம் மேடத்துக்கு முதன்முதலாக எந்தக் கன்றைப் பார்த்து வந்தது என்று கேட்க நினைத்தாளாம்.

மூன்று கட்டுரைகளைத் தேடிப் படித்த தனக்கு இது தோன்றியிருக்காது என்று சத்யப்ரியாவுக்குத் தெரிந்தது. எழுதிக்கொண்டிருந்த தாளை அப்படியே கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். ஷபானாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கேள்வியை நாகலட்சுமிக்கு மின்னஞ்சலில் எழுதவைத்தாள். ஷபானா போனபின் தானும் ஒன்று எழுதினாள். எட்டுக் கேள்விகளும் என்னுடையவை, உரைக்கு முன்பே எழுதியவை. உங்கள் பேச்சை முழுதாகக் கேட்ட ஒருத்தி கை தூக்கிக்கொண்டே இருந்தாள், அவளைத் தாண்டி மைக்கை எடுத்துக்கொண்டு போனவள் நான். தனக்காக அவள் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

பதில் ஷபானாவுக்கு வந்தது. சத்யப்ரியாவுக்கு வரவில்லை. கோடையில் ஷபானா நாகலட்சுமியின் ஆய்வுக்காகச் சுந்தரவனத்துக்குப் போவதென்று முடிவானது. ஜூனில் கோச்சிங் என்பதும் முடிவானது. வேதாச்சலம் மகளின் தட்டில் இன்னொரு தோசை வைக்கும்படி வனஜாவிடம் ஜாடை காட்டினார்.

அடுத்த உரை வந்தது. சத்யப்ரியா சீட்டு எழுதித் தரவில்லை. எழுதமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். மல்லிக் சார்தான், கடைசி நேரத்தில் எழுதிவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்து விளக்கு எரிந்ததும் அரங்கம் அப்படியே உட்கார்ந்திருந்தது. ராகுல் மதுவைப் பார்த்தான், மது தரையைப் பார்த்தாள். ஷபானாவின் கை மட்டும் உயர்ந்தது. அவள் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, வந்தவர் மற்றவர்களுக்காக நெடுநேரம் காத்திருந்தார். ஒருவரும் எழவில்லை. கூட்டம் தலைகுனிந்தபடி கலைந்தது.

மல்லிக் சார் தாழ்வாரத்தில் அவளைப் பிடித்துக்கொண்டார். துறையின் மானத்தை வாங்கிவிட்டாய் என்றார். இத்தனை வருடம் கட்டிக் காத்த பெயர் ஒரே நாளில் போனது என்றார். சத்யப்ரியா குரலை உயர்த்தவில்லை.

"போகட்டும் சார். அந்தப் பேர் நம்மளோடது இல்ல, சீட்டோடது. எழுதிக் குடுத்த கேள்வி கைல இருந்தா யாரும் பேச்சுக்குக் காது குடுக்கமாட்டாங்க. காது குடுக்காதவனுக்கு எந்தச் சந்தேகமும் வராது, சந்தேகமே வராதவனுக்கு ஆராய்ச்சி எதுக்கு சார்? இன்னிக்கு எல்லாரும் வெக்கப்பட்டு உக்காந்திருந்தாங்களே, ரொம்ப நாளைக்கப்புறம் இந்த ஹால்ல நடந்த ஒரே நிஜம் அதுதான்."